மலையடியில் கசப்புக் காப்பி

வாப்பா துபாயில், தேராவில் ஒரு மசாலாக் கடைக்கு பிக்கப் ஓட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கம். உம்மாவும் நானும் விசிட் விசாவில் போயிருந்தோம். விசா முடியப் போகிறது. கடையின் அரபி முதலாளி, எல்லாருக்கும் அவர் அர்பாப், மனது வைத்தால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஊருக்கு பிளேன் ஏற வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. மலை பார்க்கப் போகிறோம் என்றார்கள். ஏறிக்கொண்டேன்.

ஜும்மா முடிந்து கிளம்பினோம். போகப் போக மணல் முடிந்து மலை வந்தது. ஒரு புல் இல்லை. அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு.

"இது நெருப்புக் குழம்பா கிடந்துச்சாம். கடலுக்கு அடியில. ஒரு இன்ஜினியர் சொன்னாரு," என்றார் வாப்பா.

"இப்பவும் சுடுமா வாப்பா?"

வண்டியை ஓரங்கட்டினார். "தொட்டுப் பாரு."

தொட்டேன். வெயிலில் கிடந்த கல். கை பொரிந்துவிட்டது.

"புள்ளைக்கிட்ட விளையாடுற நேரமா இது?" என்று உம்மா அவரை ஏசினாள். பிறகு என்னிடம், "அங்க வந்து வாயத் தொறக்காத. குடுக்குறத வேணாம்னு சொல்லிராத."

மசாஃபி என்ற ஊருக்கு அப்பால் மலையடியில் அர்பாபின் வீடு. உம்மாவைப் பெண்கள் உள்ளே கூட்டிப் போனார்கள். வாப்பாவும் நானும் முன்கூடத்தில் அர்பாபுக்கு எதிரே கம்பளத்தில் உட்கார்ந்தோம். அந்த வீட்டில் வாப்பா சாமான் இறக்கியிருக்கிறார். உட்கார்ந்ததில்லை.

ஒரு கிழவர் சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றினார். கசப்பு. குடித்தேன். மறுபடி ஊற்றினார். வாப்பாவுக்கும் அப்படித்தான். குடிக்கக் குடிக்க ஊற்றினார். வாப்பாவுக்கு நெற்றி வேர்த்தது. வந்த விஷயத்தைக் கேட்க வழியில்லை. வாயில்தான் காப்பி இருந்ததே.

எனக்குத் தாங்கவில்லை. "அந்த மலைய உருக்கியா வாப்பா ஊத்துறாங்க?"

என்ன சொல்கிறாள் என்று அர்பாப் கேட்டார். வாப்பாவுக்குப் பொய் வராது. பாதி அரபி, பாதி இந்தியில் அப்படியே சொல்லிவிட்டார்.

அர்பாப் சிரித்த சிரிப்பில் கிழவர் கூஜாவைக் கீழே வைத்துவிட்டார். என் கிண்ணத்தை வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார் அர்பாப். "கலாஸ்!" போதுமென்றால் ஆட்ட வேண்டுமாம். எங்களுக்கு யார் சொன்னது?

"இவள் எங்கே படிக்கப் போகிறாள்?" என்று இந்தியில் கேட்டார்.

வாப்பா கம்பளத்தைப் பார்த்தபடி சொன்னார். "அர்பாப் சொன்னால் இங்கேயே."

"யல்லா, ஆகட்டும். சேர்த்து விடு."

திரும்பும்போது அதே மலை. பொழுது சாய்ந்து வெகுநேரமாகியிருந்தது. வாப்பா வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"உம்மா, வாப்பாவக் கல்லு சுட்டுருச்சா?"

"ஆமா. சும்மா இரு." உம்மா சிரித்தாள். கண்ணையும் துடைத்தாள்.

நான் இறங்கிப் போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். ஆறித்தான் கிடந்தது.