பங்கு வைத்தவனின் துண்டு

என் மகன் ஓதும் மத்ரஸா இறக்காமம் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கி ஓதுகிறார்கள். பாடசாலைப் பாடங்களும் உண்டு. இந்த வருடம் ஷஃபான் மாதத்தில், வேளாண்மை வெட்டு தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, ரமழான் விடுமுறைக்கு முன்பாகப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எதையும் ஹிஜ்ரி மாதமும் கிழமையும் பிசகாமல் சொல்வது என் பழக்கம். இதில் மறக்க விரும்புவதும் பிசகாமல் நினைவிருக்கிறது.

நற்குணப் பாடத்துக்கு இனிப் புள்ளி போடப்போவதாக, அதிபரான ஹஸ்ரத் கூட்டத்தில் அறிவித்தார். நான் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன். நானும் பழைய மத்ரஸா ஒன்றில் சில காலம் ஓதியவன்.

"எங்கட காலத்துல குணத்துக்கு மார்க்ஸ் இல்ல ஹஸ்ரத். ஆறு பேர் ஒரு சஹன்ல சாப்பிட்டுத்தான் பழகின. விட்டுக் கொடுக்கிறதத் தாள்ல எழுத ஏலுமா?"

சனம் சிரித்துத் தலையாட்டியது. ஹஸ்ரத்தும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பகல் சாப்பாடும் சஹனில்தான். பெரிய வட்டத் தட்டு, அதில் சோறு, மேலே இறைச்சி. ஒரு மாணவன் மற்றவர்களுக்கு இறைச்சியைப் பங்கு வைப்பான். மிஞ்சியதைக் கடைசியாக அவன் எடுப்பான். அது அந்த மத்ரஸாவின் சட்டம். நம்பிக்கையானவனாகப் பார்த்துத்தான் ஹஸ்ரத் அந்த வேலையைக் கொடுப்பார். அன்று எங்கள் சஹனில் அது என் மகனுடையது. முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தான்: "வாப்பா, அண்டைக்கு நான்தான் பங்கு. எங்கட சஹன்லதான் நீங்க இருக்கோணும்."

அவன் எனக்கு வைத்தான். பக்கத்தில் இருந்த இன்னொரு தகப்பனுக்கு வைத்தான். கூட்டாளிமார் மூவருக்கும் வைக்கக் கையை நீட்டியபோது அவனுடைய மணிக்கட்டைப் பார்த்தேன். மெலிந்திருந்தது. இருந்ததில் பெரிய துண்டை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"தின்னு மகன். இஞ்ச வந்து எலும்பாப் போயிட்டாய்."

சஹனைச் சுற்றி யாருடைய கையும் அசையவில்லை. மகன் என்னைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். அதை எடுத்து இன்னொருவனுக்கு வைத்திருந்தால் அத்தனை பேர் முன்னிலையில் நான் தலைகுனிந்திருப்பேன். அவன் வைக்கவில்லை. குனிந்து அதைத் தின்னத் தொடங்கினான். பிறகுதான் மற்ற மூவருக்கும் சிறிய துண்டுகள் போயின.

"டேய், இண்டைக்குப் பங்குக்காரன் முந்திட்டான்டா," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சஹன்களைப் பார்த்துக்கொண்டு வந்த ஹஸ்ரத் அது காதில் விழுந்து நின்றார். மகன் முன்னால் கிடந்த எலும்பைக் கண்டார்.

"யாரு இஞ்ச பங்கு வெச்ச?"

"நான்தான் ஹஸ்ரத்."

"முதல்ல நீங்களே எடுத்த?"

"ஓம் ஹஸ்ரத்."

"சரி. நோன்பு முடிஞ்சு வந்தா வேறொரு ஆள் வைக்கட்டும்."

பக்கத்துத் தகப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாயில் சோறு இருந்தது. நான் அதை மென்றுகொண்டிருந்தேன்.

விடைபெறும்போது மகன் என் ஹெல்மெட்டை எடுத்துத் தந்தான். "உங்கட பேச்சு நல்லா இருந்திச்சு எண்டு எல்லாரும் சொல்றாங்க வாப்பா." குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சொன்னான். எங்கள் ஊர் மருதமுனை வரும் வரைக்கும் அந்தச் சொல் பின்சீட்டில் ஏறி வந்தது.

ரமழான் முழுக்க அவன் வீட்டில் இருந்தான். அந்தத் துண்டின் கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நோன்பு திறக்கும்போது சமோசாத் தட்டை எல்லாருக்கும் நீட்டிவிட்டுக் கடைசியாகத்தான் அவன் எடுத்தான்.

ஷவ்வாலில் அவனைத் திரும்பக் கொண்டு விட்டேன். ஹஸ்ரத் வாசலில் நின்றார். வழி நெடுக, அவரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். சலாம் கொடுத்துப் பிடித்த என் கையை அவர் விடவில்லை.

"அடுத்த கூட்டத்துலயும் நீங்க கதைக்கோணும். அண்டைக்குக் கதைச்ச மாதிரி."

மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"ஓம் ஹஸ்ரத்," என்றேன்.