பிரேக் அக்கா வீடியோ வெட்டிய கதை

ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஸ்டியரிங்கைத் துடைத்துவிட வேண்டும். வண்டி கழுவத் தனியாக ஆள் இருந்தாலும், இந்த ஒரு வேலையை மட்டும் பிரேக் அக்கா யாரிடமும் விட மாட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பயமெல்லாம் உள்ளங்கை வழியாகத்தான் இறங்கும். முந்தினவருடைய ஈரத்தை அடுத்தவர் கையில் ஏன் ஒட்டவிட வேண்டும் என்று ஒரு பழைய பனியன் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஏற ஆளில்லை. வண்டியின் முன்விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, போதும், தோல் உரிஞ்சிடப் போவுது," என்றான் வண்டி கழுவுகிறவன்.

"நீ உன் வேலையப் பாரு."

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்தே அவளுக்கு முடி நரைத்தது, பெயரும் வந்தது. அதற்கு முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஒரு சந்துக்குள் அந்த வேனை அவள் பின்னால் எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு, டிரைவிங் ஸ்கூல் முதலாளி நடுத்தெருவிலேயே நிறுத்தி வேலைக்குக் கூப்பிட்டார். இப்போது அவர் இல்லை. மகன் நடத்துகிறார், எல்லோருக்கும் அவர் சின்னவர். அக்காவின் காலோ வண்டியை விட்டு இறங்கினாலும் ஓய்வதில்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பதில் இவள் தரையை அழுத்துவாள். டிவியில் எவனாவது வேகமாக ஓட்டினால் சோபா நகரும். பல் டாக்டர் நாற்காலியில் இவள் அழுத்திய அழுத்தில் கால்பலகை கழன்று, டாக்டரே பயந்துபோனார்.

அந்தக் கால்தான் இன்று காலை அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தவில்லை.

ஓட்டியவள் லாண்டரியில் வேலை செய்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடியே விடுதிப் படுக்கை விரிப்புகளைச் சூட்டோடு சூடாக மடிக்கிற வேலை. லைசென்ஸ் வாங்கிவிட்டால் டெலிவரி வேன் உனக்குத்தான் என்று லாண்டரிக்காரர் சொல்லியிருந்தார். "உக்காந்து பாக்குற வேலைக்கா!" என்று முதல் நாளே கண்ணை விரித்துச் சொன்னாள். நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்று ஒரு திருப்பத்தில் நேரே போய் மருந்தகத்தின் கேட் தூணில் வைத்துவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கு வராதுக்கா, என் கைக்கு மடிக்கத்தான் தெரியும்" என்று அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவி, "சரி விடு, விடு" என்றாள்.

விடு என்றாளே தவிர வேறெதுவும் சொல்லவில்லை. இடிப்பதற்குச் சற்று முன்பிருந்து அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதையும், "அக்கா, இப்ப திருப்பலாமா?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டதையும், அதற்கு இவள் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லவில்லை. இடித்த அதிர்ச்சியில் அந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது. வண்டியில் ஃபோன் எடுப்பவருக்கு அன்றோடு வண்டி கிடையாது, ஆபீஸ் மேசைதான். இது ஸ்கூலின் சட்டம். அதை அச்சடித்த ஸ்டிக்கரை டேஷ்போர்டில் நகத்தால் நீவி நீவி ஒட்டியவளே அக்காதான்.

சின்னவர் வெளியே வந்து பம்பரைப் பார்த்தார்.

"அக்கா, கேமராவுல இருக்கும்ல? இடிச்ச இடத்த மட்டும் வெட்டி, திங்கக்கிழமை பென் டிரைவ்ல கொண்டு வந்துடுங்க. முழுசா கொண்டு வராதீங்க, இங்க இருக்கிற கம்ப்யூட்டர் மூச்ச விட்டுடும்."

"எதுக்கு தம்பி? சின்ன அடிதானே."

"இந்த அளவுக்குப் பதட்டப்படறவங்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்து, நாளைக்கு ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா? பாத்துட்டு, தப்பு அந்தம்மா மேலன்னா கோர்ஸ நிறுத்திடலாம். அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன். கண்ணால பாத்துட்டா பேச்சு வராது."

அவர் கண்ணில் அக்காவின் மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. இருந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். காசு கொடுத்து வாங்குவது என்றால் அவருக்கு மூச்சு முட்டும். இலவசமாக எது கிடைத்தாலும் அது எதற்கு என்று தெரியாமலே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடித்த இடத்தை வெட்ட வேண்டும் என்று மட்டும் அவள் சொன்னதும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

சின்னவர் மலிவாக வாங்கிப் போட்ட கேமராவுக்கு இரண்டு கண். ஒன்று ரோட்டைப் பார்க்கும், ஒன்று வண்டிக்குள் பார்க்கும். வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை எல்லாவற்றையும் கண்ணுக்கு ஒரே ஒரு ஃபைலாக இழுத்துக்கொண்டு போகும்.

"யம்மாடி! என்ன இது, இவ்ளோ பெருசு! பென் டிரைவ்ல இடம் இருக்கு, ஆனா ஏத்திக்க மாட்டேங்குது பாரு. ஒரே ஃபைல் இவ்ளோ கனமா இருந்தா அது தொடாது."

"அதான் வெட்டச் சொல்றேன்."

"வெட்டறது என்ன பெரிய விஷயம். ஒரு வெப்சைட் இருக்கு, ஏத்தி விட்டா அதுவே வெட்டிக் குடுத்துடும்."

"ஏத்தக் கூடாது!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு அதுல அழுவுதுங்க. அது எவன் கம்ப்யூட்டர்லயோ போய்க் கெடக்கணுமா? இங்க, இந்த மெஷினுக்குள்ளயே வெட்டற மாதிரி ஏதாவது பாருங்க."

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் செத்து வெகுநாளாயிற்று. ஹெட்ஃபோன் ஒன்றுதான், அதை அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் படம் மட்டும் தெரியும், அதுவும் ரோட்டைப் பார்க்கிற கண்ணை மட்டும்தான் அவள் திறந்து காட்டினாள். எங்கே வெட்ட வேண்டும் என்று அவளே சொன்னாள்: ஃபோன் பேச்சு முடிந்து, அந்தப் பெண் இரண்டாவது தடவை கேட்டும் முடித்து, தூண் நெருங்கி வருகிற இடம்.

ஆரம்பித்தது அலைச்சல். முதலில் இறக்கிய சாஃப்ட்வேர் அழகாக வெட்டிவிட்டு, படத்தின் நட்டநடுவில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்து வைத்தது. தூணே தெரியவில்லை. அடுத்தது ஆஃப்லைன் என்று சொல்லிவிட்டு, திறந்ததும் ஈமெயில் கொடு, பாஸ்வேர்ட் கொடு என்று கழுத்தைப் பிடித்தது. இன்னொன்று தான் மட்டும் வராமல் கூடவே இரண்டு விளையாட்டையும் ஒரு கடிகாரத்தையும் அழைத்து வந்தது. அந்தக் கடிகாரத்தை விரட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"பண்ற வரைக்கும் இலவசம்ங்குது. பண்ணினப்புறம் பல்லக் காட்டுது," என்றார் அவர். ஆனால் முகத்தில் சலிப்பே இல்லை. உற்சாகமாக இருந்தார்.

அவள்தான் இருப்புக் கொள்ளாமல் கிடந்தாள். அடுப்படிக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவாள். காயாத துணியைத் தொட்டுப் பார்ப்பாள். நாற்காலியின் பின்னால் வந்து நின்று, அவர் மவுசை நகர்த்துகிற போதெல்லாம் தரையை அழுத்துவாள்.

"காலை வெச்சுக்கிட்டு சும்மா இரு. டைல்ஸ் உடையப் போவுது."

அடுத்ததாக வந்தது நல்லபடியாகத் தெரிந்தது. ஆனால் வெட்டுவதற்கு முன் முழு வீடியோவையும் முதலிலிருந்து மறுபடி பதிவாக்கத் தொடங்கியது. மெஷின் மாவரைக்கிற மாதிரி இரைந்தது. அது எப்போது முடியும் என்று அதற்கே தெரியவில்லை. பாதியில் நிறுத்தினார்கள்.

கடைசியில், பொத்தானும் பூவேலையும் இல்லாத ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. கேள்வி கேட்கவில்லை, பெயர் அடிக்கவில்லை. ஆரம்பம், முடிவு இரண்டையும் குறித்து ஒரு தட்டு தட்டியதும், அவர் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் வெட்டிப் போட்டது.

"பாத்தியா! இதுக்குப் பேருதான் சாஃப்ட்வேர்."

அவள் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வீடியோ அவள் சொன்ன இடத்தில் தொடங்கவில்லை. அதற்கும் முன்னால் போய், ஃபோன் பேச்சின் நடுவில் தொடங்கியது.

"நான் சொன்ன இடம் இது இல்லையே."

"அது அப்படித்தான். வீடியோல எல்லாமே முழுப் படம் இல்ல. இடையிடையேதான் ஒரு முழுப் படம். நடுவுல இருக்கிறதெல்லாம், முன்னாடி இருந்ததுக்கும் இதுக்கும் என்ன மாறிச்சு, அது மட்டும்தான். நம்ம வீட்டு சண்டை மாதிரி வெச்சுக்கயேன். தினம் முதல்லேர்ந்தா ஆரம்பிக்கிறோம்? நேத்துக்கு மேல இன்னைக்கு என்னவோ அது."

"நீங்க முதல்லேர்ந்துதான் ஆரம்பிப்பீங்க."

"சரி, விடு. முழுப் படம் இருக்கிற எடத்துலதான் இந்தக் கத்தி இறங்கும். அதான் கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு. கொஞ்சம் கூட இருந்தா என்ன இப்ப?"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள்.

அவர் கேட்டார். முகம் மெல்ல மாறியது. ஹெட்ஃபோனுக்குள் அவரே பேசிக்கொண்டிருந்தார். அடுப்பு பற்றவைக்கிற லைட்டர் எங்கே என்று கேட்டு, மேல்தட்டில் என்று அவள் சொல்ல, எந்த மேல்தட்டு என்று கேட்டு, இல்லையே இல்லையே என்று நீட்டிக்கொண்டே போனார். அதற்குப் பின்னால், தள்ளி, ஒரு மெல்லிய குரல்: அக்கா, இப்ப திருப்பலாமா?

"நீ ஏன் எடுத்த?" என்றார் கடைசியில்.

"எடுக்கலன்னா விடுவீங்களா? எடுக்கற வரைக்கும் ஃபோன் அடிப்பீங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், வண்டில இருக்கும்போது அடிக்காதீங்கன்னு."

"லைட்டர் நெஜமாவே அங்க இல்ல."

"அங்கதான் இருந்துச்சு. தீப்பெட்டிக்குப் பின்னாடி."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு என்ன தோன்றியதோ, முன்பைவிட வேகமாகத் தேடத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. எதையாவது கழற்றி மாட்டினால்தான் அவர் வருத்தப்படுகிறார் என்று தெரியும். இருட்டுவதற்கு முன்னால் வழி கண்டுபிடித்தார். சின்னதாக வெட்டிய துண்டை மட்டும், பாதியில் நிறுத்திய அந்த மாவு மெஷினிடம் கொடுத்தால், அதை மறுபடி பதிவாக்கி, சொன்ன இடத்தில் மயிரிழை பிசகாமல் வெட்டுகிறது.

"பென் டிரைவ்ல ரெண்டையும் போட்டிருக்கேன். நீளமானது ஒண்ணு, சின்னது ஒண்ணு." பென் டிரைவை அவள் கையில் வைத்தார். "சின்னதக் குடு. யாரு கேக்கப் போறா? உன்ன மேசைல உக்கார வெச்சா நீ தாங்குவியா? என்னத்தான் போட்டு மிதிப்ப."

திங்கட்கிழமை சின்னவரின் அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. லாண்டரிப் பெண் நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு லேட்டாக வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பிரேக் அக்கா சின்னதைத்தான் போட்டாள்.

தூண் வந்தது, இடித்தது, அழுகைச் சத்தம் கேட்டது, நின்றது. சின்னவர் உதட்டைப் பிதுக்கினார். "பாருங்கம்மா, ரோடு முழுக்க இடம் இருக்கு. பிரேக்குல கால் வெக்கவே இல்ல நீங்க."

"ஆமாங்க," என்றாள் அந்தப் பெண். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே தோணலங்க. ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன். நானே சொல்லலாம்னுதான் வந்தேன், எனக்கு இது வேணாம். எங்க முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், வேன வேற ஆளுக்குக் குடுங்கன்னு." பிறகு திரும்பி, "உங்க வண்டியக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கங்கக்கா. நீங்க எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க," என்றாள்.

மேசைக்கடியில் அக்காவின் கால் தரையை அழுத்தியது. அழுத்திக்கொண்டே இருந்தது.

"தம்பி, இன்னொண்ணு இருக்கு."

"இன்னொண்ணா?"

"இதேதான். கொஞ்சம் முன்னாடிலேர்ந்து."

அவளே மவுசை வாங்கித் தட்டினாள். அறைக்குள் அவள் வீட்டுக்காரரின் குரல் லைட்டரைத் தேடியது. சின்னவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பைப் பாதியில் விட்டார். மேல்தட்டு, மேல்தட்டு என்று அவளுடைய குரல். அக்கா, இப்ப திருப்பலாமா. தீப்பெட்டிக்குப் பின்னாடி பாருங்க. அக்கா, இப்ப திருப்பலாமா. அதன் பிறகு தூண்.



"என்னக்கா நீங்க?" என்றார் சின்னவர், குரலைத் தாழ்த்தி. "முதல் துண்டோட நிறுத்தியிருக்கலாம்ல? இப்ப நான் என்ன பண்றது? இத விட்டுட்டு, நாளைக்கு வேற எவனுக்காவது எந்த மூஞ்சியோட சட்டம் பேசறது?"

"விட வேணாம் தம்பி. எனக்கும் அதே சட்டம்தான்."

"அப்ப இன்னைலேர்ந்து நீங்க மேசைக்கு வந்துடுங்க. வேற வழியில்ல." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "உங்க கோர்ஸ் நிக்காதும்மா. தப்பு உங்க மேல இல்ல."

அந்தப் பெண் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. முதுகைத் தடவிய கையை, அக்காவின் மடியில் கிடந்த அந்தக் கையை, கொஞ்ச நேரம் பார்த்தாள். கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"லாண்டரிக்காரர்கிட்ட நான் வந்து பேசறேன்," என்றாள் அக்கா. "வேன் இன்னும் யாருக்கும் குடுத்திருக்க மாட்டாரு. நீ நல்லாத்தான் ஓட்டற, நான் சும்மா சொல்லல. நாளைக்குக் காலைல வருவல்ல?"

அந்தப் பெண் நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.