சூசைதாசனுக்கு உயராத கை

மன்னாரிலிருந்து வந்து மேற்கு மெல்பேர்ணில் பஸ் ஓட்டிய சூசைதாசனுக்கு ஐம்பது வயதில் நகரசபை ஆசை பிடித்தது. முதல்முறை நின்றபோது அவருடைய மாதா கோயில் ஆட்களே அவருக்கு வாக்குப் போடவில்லை. இரண்டாம்முறை எப்படியோ வென்றார். அதன்பிறகு நிம்மதியாக ஒரு தேநீர் குடித்த மனிதர் இல்லை. குப்பை எடுக்கவில்லையென்றால் அவருக்குத்தான் போன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் அவருக்குத்தான் போன். எல்லாவற்றுக்கும் "ஓம், பாக்கிறன்" என்பார். சொன்னபடி பார்க்கவும் செய்வார். அதற்காக யாரும் அவரை மதித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓசியில் கிடைக்கிற ஆளை நம்மவர்கள் என்றைக்கு மதித்திருக்கிறார்கள்?

அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நிற்க, பக்கத்து வட்டாரத்தில் தமிழ்நாட்டுக்காரி கிரிஜா நின்றாள். ஐ.டி. வேலை, மணிமணியான ஆங்கிலம். ஆனால் அந்தத் தெருக்களில் அவளை ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. சூசைதாசன் கால் தேய வீடு வீடாக ஏறி இறங்கி அவளுக்கு வாக்குக் கேட்டார். இருவருமே வென்றார்கள்.

இங்கே மேயரை மக்கள் தெரிவுசெய்வதில்லை. உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவரை ஒரு வருடத்துக்கு அமர்த்துவார்கள். ஒருவர் பெயரைச் சொல்ல, இன்னொருவர் கை உயர்த்தி வழிமொழிய வேண்டும். சூசைதாசனின் பெயரைச் சொல்ல ஒரு மூத்த உறுப்பினர் சம்மதித்திருந்தார். வழிமொழிகிறேன் என்று கிரிஜா வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த மேயர் கதிரையில் ஒரு வருடம் இருந்துவிட வேண்டும், சூசைதாசன் வாழ்க்கையில் வேறொன்றும் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது. தமிழ்ச் சங்கத்தைக் கொண்டு பாராட்டு விழாவுக்கு மண்டபம் எடுப்பித்து, பூமாலைக்கும் சொல்லி, ஊரையே அழைத்துவிட்டார்.

கூட்டத்தன்று அவர் பெயர் சொல்லப்பட்டது. வழிமொழிய யாரும் உண்டா என்று தலைமை அதிகாரி சுற்றிலும் பார்த்தார். கிரிஜா தன் போனைப் பார்த்தாள். அதிகாரி இன்னொரு தடவை கேட்டார். பார்வையாளர் வரிசையில் மனைவி அஞ்சலீனா பட்டுச் சேலையோடு இருந்தாள். அடுத்த பெயருக்குக் கிரிஜாவின் கை உடனே உயர்ந்தது. அந்த ஆள் மேயரானார். சற்று நேரத்தில் அவள் துணை மேயர்.

மண்டபம்தான் எடுத்தாகிவிட்டதே. சங்கத் தலைவர் கொஞ்சமும் கூசாமல், "அண்ணை, துணை மேயரும் எங்கட ஆள்தானே. மாலையை அவவுக்குப் போடுவம். நீங்களே போட்டால் வடிவாயிருக்கும்" என்றார். மானமுள்ளவன் அந்த இடத்தை விட்டே போயிருப்பான். சூசைதாசன் மாலையைப் போட்டார். சிரித்தபடி படத்துக்கும் நின்றார்.

சாப்பாட்டு மேசையருகில் அவளைத் தனியே பிடித்தார்.

"ஏன் பிள்ளை, இப்பிடிச் செய்தனீங்கள்?"

கிரிஜா கையிலிருந்த ரோல்ஸைக் கடித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. மேயர்னா மேடை மேடையா பேசணும். உங்க இங்கிலீஷைக் கேட்டு கவுன்சில்லயே சிரிக்கிறாங்க. ஊரே சிரிக்க வேணாம்னுதான் விட்டுட்டேன். உங்களைக் காப்பாத்தினேன்னு வெச்சுக்கோங்க."

மற்றதையெல்லாம் விழுங்கியவருக்கு இது மட்டும் தொண்டையில் நின்றது. எத்தனை வருடம் அந்த ஆங்கிலத்தில் பஸ் ஓட்டியவர், அதே ஆங்கிலத்தில் சபையில் வாதாடியவர். காரில் ஏறியதும் மனைவியைக் கேட்டார்.

"இஞ்சேரும், என்ர இங்கிலீஷ் அவ்வளவு மோசமே?"

அஞ்சலீனா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"மோசம்தான். நீங்கள் மேடை ஏறப்போறியள் எண்டு எனக்கு எத்தினை நாளா நித்திரை இல்லை, தெரியுமே? அவள் கையைத் தூக்கேல்லை எண்டு கண்டதும் நான் மாதாவுக்கு நன்றி சொன்னனான்."