தண்ணீர் இல்லாத ஞாயிறுகள்

போன வாரம் எங்கள் சபையில் ஒரு பையன் ஞானஸ்நானம் எடுத்தான். டைல்ஸ் பதித்த தொட்டி, திருகினால் கொட்டும் குழாய், பிளீச்சிங் பவுடர் வாசனை. காலை வைத்ததும் தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம், முகத்தைச் சுளித்தான். எனக்கு வந்ததே ஒரு கோபம். ஒரு முழுக்குத் தண்ணீருக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

எண்பதுகளில் ஒரு வறட்சி வருஷம். குடித்துவிட்டு ஓட்டி, கரும்பு டிராக்டரைப் பள்ளத்தில் கவிழ்த்திருந்தேன். வேலை போயிற்று. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இண்டூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை தலையில் அடித்தும் சூடம் அணைத்தும் நான் செய்த சத்தியங்கள் எதுவும் ஒரு வாரம் தாங்கியதில்லை. கடைசியில் ஒரு சிநேகிதன் பின்னால் பாலக்கோட்டு ஜெபவீட்டுக்குப் போய், இயேசுவிடம் அழுதேன். முழுக்கு எடுத்துப் புது மனுஷனாகிறேன் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினேன். முதலில் எடுக்கட்டும், பிறகு வருகிறேன் என்று பதில் வந்தது.

எங்கே எடுப்பது? ஏரி வெடித்துக் கிடந்தது. பாஸ்டர் காட்டிய கிணற்றில் சேறுதான். பிறகு ஒரு விசுவாசியின் தோட்டத்தில் பம்புசெட் தொட்டி அமைந்தது. நாங்கள் போகிற ஞாயிறெல்லாம் கரண்ட் இருக்காது. இருந்தால் மோட்டார் காற்றைத்தான் இறைக்கும். மாற்று வேட்டியை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு போவேன், நனையாமல் திரும்புவேன். பஸ் ஸ்டாண்டில் சாராயக்கடை வாசனை வழிமறிக்கும். "ஏசப்பா, இன்னிக்கு இந்தக் கடைய மட்டும் தாண்ட வச்சுடுப்பா" என்று முனகியபடி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பழைய கூட்டாளிகள் வாசலில் நின்று சிரிப்பார்கள்.

நாலு மாதம் இதே கூத்து. ஒரு ஞாயிறு நிச்சயம் நடக்கும் என்று பாஸ்டர் சொல்லியனுப்ப, அவளும் பிள்ளையோடு தோட்டத்துக்கு வந்தாள். தொட்டியில் கணுக்கால் அளவு ஏறியது, கரண்ட் போயிற்று. எனக்குத் தாங்கவில்லை. பாஸ்டரிடம் கத்தியே விட்டேன்.

"என்னைக் கழுவ ஆண்டவருக்கே இஷ்டமில்லைங்க. உட்டுடுங்க."

அவர் பாவம், மோட்டார் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். அவள்தான் பக்கத்தில் வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"தண்ணி வர்றப்ப வரட்டுங்க. உங்க ஆண்டவரு உங்களக் கழுவி நாலு மாசமாச்சு. வூட்டுக்குப் போலாம், வாங்க."

மஞ்சப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிறைந்த பிறகுதான் முங்கினேன். அந்த ஏரியில் பாதி இப்போது வீட்டுமனை. பம்புசெட் தொட்டி இருந்த தடமே இல்லை. அவள் கண்மூடியும் இரண்டு வருஷமாகிறது. தண்ணீருக்கு இப்போது குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என் சட்டையை முகர்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.