கார்டு போடாதீர்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்பகுதியில் வீட்டுக்காரம்மா இருந்தாள். தபால்காரர் எல்லோருடைய கடிதத்தையும் அவளிடம்தான் கொடுப்பார். கார்டாக இருந்தால் படித்துவிட்டுத்தான் தருவாள். கிறிஸ்தவர்கள், அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்ற அளவில்தான் வீடு கொடுத்திருந்தாள். எங்கள் ஊர்த் தெருவின் பெயரைக் கார்டில் படித்தால் சாதி தெரிந்துவிடும். அன்றைக்கே சாமான்கள் தெருவுக்கு வந்துவிடும். அதனால் வெளியே அனுப்புநர் முகவரி எழுதாமல் ஒட்டிய இன்லாண்டு லெட்டர்தான் போட வேண்டும் என்று அப்பா ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

தீண்டாமை ஒழிந்துவிட்டதென்று நான் பள்ளியில் ஒப்பித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்தப் பாடத்தை எழுதியவர் எங்களோடு ஒரு வாரம் குடியிருந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஓடிப்போய் வாங்கினால் கார்டு. மூலையில் அத்தையின் கையெழுத்தில் ஊர், தெரு, எல்லாம்.

"இன்னா பாப்பா, யாருக்கு லெட்டரு?" என்று வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"அட்ரஸ் மாறி வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடி, வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து இன்லாண்டு வந்தது. அப்பாவைப் படிக்க வைத்த பெரியப்பா இறந்துவிட்டார். சாகக் கிடக்கிறார், உடனே வா என்று கார்டு போட்டேனே, ஏன் வரவில்லை என்று அத்தை கேட்டிருந்தாள்.

அழுதுகொண்டே அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா எழுந்து கதவைச் சாத்தினார்.

"வீட்டுக்காரம்மா பாத்தாங்களா?"

"இல்லப்பா."

அதற்கப்புறம்தான் அவர் அழுதார், சத்தம் வெளியே கேட்காமல்.