மெதுவாக நிமிரும் கப்பல்

கப்பல் கட்டும் தளத்தில் என் அண்ணிக்குத் ‘தூக்குக்குண்டு’ என்று பெயர். வரைபட அறையில் வேலை. பேச்சு நேராகத்தான் விழும். யார் தலையில் விழுகிறது என்று பார்க்க மாட்டார். வீட்டு அலமாரியின் மேல்தட்டில் கனமான சாமான் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. எடை கீழேதான் இருக்கவேண்டும் என்று இறக்கி வைப்பார். “நல்லவேளை, மாடிப்படிய இன்னும் விட்டு வெச்சிருக்கா” என்பான் அண்ணன்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய வாரம், அண்ணி வரைந்த பயணிகள் கப்பல் தண்ணீரில் இறங்கியிருந்தது. அண்ணன் அதில் மாலுமி. முதலாளி கடைசி நேரத்தில் மேலே இன்னொரு தளம் போடச் சொன்னதால், உச்சி கனத்துவிட்டதா என்று பார்க்கச் சாய்வுச் சோதனை வைத்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். இரும்புக் கட்டிகளைக் கப்பலின் மேல்தளத்தில் ஓரத்துக்கு நகர்த்தினால் கப்பல் கொஞ்சம் சாயும். அடி அறையில் நூலில் தொங்கும் குண்டு அந்தச் சாய்வை அளவுப் பலகையில் காட்டும். குறைவாக நகர்ந்தால் நல்லது.

அன்று காற்று. குண்டு நிற்கவே இல்லை. “காத்து அடங்குற வரைக்கும் கரைக்கயித்த இறுக்கிக் கட்டுங்க” என்றார் அண்ணி. காற்று அடங்கியது. கட்டிகளை நகர்த்தியபோது குண்டு இம்மியளவே அசைந்தது. கப்பல் கம்பெனி மேலாளர் கைகுலுக்கினார்.

சில நாளில் வெள்ளோட்டம் முடிந்து அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். மறுநாள் காலை பயணிகள் ஏறுகிறார்கள்.

“உன் கப்பல் தொட்டில்டி. சாஞ்சா கொஞ்சம் யோசிச்சுட்டுச் சாவகாசமா நிமிருது. ஒருத்தருக்கும் வாந்தி வராது.”

“யோசிக்குதா?”

“ஆமா. உன்ன மாதிரி வெடுக்குனு திரும்பிக் கடிக்கல.”

அண்ணி சிரிக்கவில்லை. அடி கனத்த கப்பல்தான் வெடுக்கென்று நிமிரும்; உச்சி கனத்தது தயங்கும். இது எனக்கு அவர் பிறகு சொன்னது. அப்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அன்னிக்கு அளக்கும்போது கயித்த யாரு தளர்த்தினா?”

“நீ சொன்னா தளர்த்துவாங்க.”

“நான் சொல்லல. கப்பல் சாயாம கயிறுதான் பிடிச்சு வெச்சிருந்திருக்கு.”

மேலாளருக்குப் போன் போட்டார். “தப்பு என்னோடது சார். திரும்ப அளக்காம ஆள் ஏத்தாதீங்க.”

“டிக்கெட் எல்லாம் வித்தாச்சும்மா.”

“என் வீட்டுக்காரர் அதுலதான் போறாரு. உங்க வீட்டு ஆளுங்கள ஏத்துவீங்களா?”

மேலாளர் ஒப்புக்கொண்டார். “காலைல, ஜனங்க ஏறுறதுக்கு முன்னாடி. சீக்கிரம் முடிங்க.”

காலையில் துறையில் பெட்டியும் குழந்தைகளுமாகக் கூட்டம். இம்முறை கயிறுகள் துவண்டு தொங்கின. அண்ணியும் நானும் அடி அறையில் இருந்தோம். மேலே அண்ணனும் ஆட்களும். முதல் கட்டிக்கே குண்டு பழைய குறியைத் தாண்டியது. இரண்டாவதுக்குப் பலகையின் விளிம்பைத் தாண்டி வெற்றிடத்தில் நின்றது. எங்கோ ஒரு டப்பா உருண்டு சுவரில் மோதியது.

“அடுத்தத தள்ளட்டுமா?” அண்ணனின் குரல்.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. “வேண்டாம். எதையும் தொடாதீங்க. ஒவ்வொருத்தரா கரைக்கு இறங்குங்க. ஓடாதீங்க.”

பிறகு என் தோளைத் தொட்டார். “நீ முன்னாடி ஏறு. மெதுவா.”

ஏணி நேராக இல்லை.