மந்திரித்த என்ஜின்

இன்று ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என் காரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓடி ஓடி என்ஜின் தேஞ்சுபோச்சு சார். வேற என்ஜின் மாத்திடலாமா, சிலிண்டரைக் கடைஞ்சு இதையே ரீபோர் பண்ணிடலாமா?"

அறுபதுகளில் அப்பாவின் காருக்கும் இதே கேள்விதான் வந்தது. மாற்றிவிடலாம் என்றிருந்தார் அப்பா. அம்மா விடவில்லை.

"கார் வாங்கின அன்னைக்கு சர்ச் சாமியார் பானட்டைத் திறந்து மந்திரிச்சது இந்த என்ஜினைத்தாங்க. இதையா தூக்கிப் போடுவீங்க?"

ரீபோர் செய்தார்கள். என்ஜின் பழகும்வரை கொஞ்ச நாளைக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து காவிரிக் கரையோரமாக முக்கொம்பு அணைக்குப் போவோம். சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போவார்கள். வீட்டில் வாயே திறக்காத அப்பா, வழி நெடுக அம்மாவிடம் பேசிக்கொண்டே வருவார்.

"ரீபோரே பண்ணிடுங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

மெதுவாக ஓட்ட நான் தயார். பக்கத்து சீட்டில் மனைவி இருப்பாள். என்ன பேசுவது, சொல்லுங்களேன்!